சம்பந்தி மிதித்த சக்கை

தாமுவே, ரங்கூன்
ஆவணி மாதம், சனிக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி பொன்னுத்துரை அவர்களுக்கு, தாமுவே முருகையா இரண்டு கையும் கூப்பி எழுதுவது. சம்பந்தி என்று எழுதும் உரிமை போன புதன்கிழமை பகல் பதினொரு மணி வரைக்கும் எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லும்வரை இப்படியே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கு எல்லோரும் சுகம் என்று முதலில் எழுதுவது மரியாதை, ஆகவே சுகம். உண்மையில் என் மகள் விஜயகுமாரி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, என் மனைவி தங்கமணி என்னோடு பேசவில்லை, துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கப்பல் சரக்கை எண்ணி எழுதிய குமாஸ்தாவாகிய எனக்கு என் கை விரல்களை எண்ணினால்கூட ஒன்று குறைகிறது. அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாள் சொர்ணம்மாளும் மாப்பிள்ளை உதயசூரியனும் நலமாக இருக்க முருகன் துணை. எட்டுத் தடவை போன் அடித்தேன். எட்டுத் தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் அப்துல் அஜீஸ் தாங்கள் இருக்கும் ஐஸ் தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறார், கம்பெனி விடுகிற ஃபெரி பஸ்ஸில் தினமும் ஷ்வேப்யிதாவுக்குப் போய் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போன் என்றால் எடுக்காமல் விடலாம், கடிதத்தை நீட்டிக்கொண்டு எதிரே ஒரு மனிதர் நின்றால் என்ன செய்வீர்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை எங்கள் வீட்டு வாசலில் தாங்கள் மிதித்தது செய்வினை இல்லை. அது நான் குடித்த சீனக் கஷாயத்தின் சக்கை.

இந்த ஒரு வரியை எழுதுவதற்குத்தான் மூன்று நாள் ஆயிற்று, ஏனென்றால் தங்களுக்கு என்னைத் தெரியவந்ததே கஷாயத்தால்தான். ஆனி மாதம் கோயிலில் நிலவேம்புக் கஷாயக் கமிட்டிச் செயலாளர் என்ற முறையில் நான் பேசினேன். இந்த மழைக்கு வரப்போகிற வைரஸ் காய்ச்சலுக்கெல்லாம் நம் முன்னோர் கொடுத்த நிலவேம்பு இருக்கும்போது, சீனக்கடையில் போய் உட்கார்ந்து நாக்கை நீட்டுகிறவனுக்கு மானம் இருக்கிறதா என்று கேட்டேன். கேள்வியைக் கேட்டுவிட்டு மைக்கை ஒரு தட்டும் தட்டினேன். தாங்கள் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினீர்கள். அடுத்த வாரமே வீடு தேடி வந்து, "இப்படிக் கொள்கையான மனுசன் வீட்டுப் பொண்ணுதான் நம்ம வீட்டுக்கு வேணும்" என்று சொல்லிப் பெண் கேட்டீர்கள். உதயசூரியனும் விஜயகுமாரியும் அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசி முடிவு செய்திருந்தார்கள் என்பது எனக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு அப்பன்மாரும் கஷாயத்தின் பேரில்தான் சம்மதித்தோம் என்று வைத்துக்கொண்டோம், அதுதான் அழகு.

பிறகு ஆடி வந்தது, மழையோடு காய்ச்சலும் வந்தது. எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் படுத்தார்கள். நாற்பது நாள் நிலவேம்பு குடித்த நான், வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் அண்டா முன்னால் கரண்டியோடு நின்று, வரிசையில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்துப் பதினொரு தும்மல் தும்மினேன். வரிசை பின்னால் போயிற்று. விஜயகுமாரி பபேடானில் மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண் அல்லவா, "அப்பா, எங்க கடைக்குப் பக்கத்துக் கிளினிக்குல ஃப்ளூ ஊசி போடுறாங்க, வாங்க, ரெண்டு நிமிசம்தான்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். நிலவேம்புக் கமிட்டிச் செயலாளர் ஊசி போட்டுக்கொண்டார் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் கமிட்டி என்ன ஆகும் என்று கேட்டு மறுத்துவிட்டேன். ஆனால் நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. பெண்ணைப் பெற்றவன் தட்டை மாற்றும்போது மாப்பிள்ளை வீட்டார் மேல் தும்மினால் அந்தச் சம்பந்தம் உருப்படுமா? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தவன் கொள்கையைப் பார்ப்பானா, கடையைத்தான் பார்ப்பான்.

ஒரு நிறுத்தம் முன்னாலேயே பபேடானில் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டேன். யாராவது பார்த்தால் மசாலா வாங்க வந்தேன் என்று சொல்லலாம். அங்கிருந்து குடையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சீனக்கடைத் தெருவுக்கு நடந்தேன். அன்றைக்கு மழை இல்லை, வெயில்கூட இல்லை. கடையில் இருந்தவர் வயதான சீனர், பர்மாப் பேச்சுதான் பேசுவார். எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி நானும் 'ஊலே' என்று கூப்பிட்டேன், மாமா என்று அர்த்தம். இரண்டு கையிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். ஆனி மாதப் பேச்சு வரிக்கு வரி ஞாபகம் வந்தது. இருந்தாலும் நாக்கு வெளியே போய்விட்டது. "உள்ளே பலம் இருக்கு. வாசல்ல காவல்காரன்தான் தூங்குறான்" என்றார். அவனை எழுப்புகிற மருந்துக்குப் பச்சைக்கல் தட்டி என்று பெயராம், காற்றை உள்ளே விடாத தட்டியாம். நம் நாட்டுப் பச்சைக்கல்லெல்லாம் சீனாவுக்குப் போய், கல் அங்கேயே தங்கி, பெயர் மட்டும் எனக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஐஸ்குச்சி போல மஞ்சளாய்ச் சீவின வேர், வெள்ளையாய் வட்ட வட்டமாய் ஒரு கிழங்கு, பழுப்பாய்க் குச்சி, இனிப்புக்கு அதிமதுரம், தொண்டைக்கென்று சில்வண்டு கழற்றிப் போட்ட கூடு ஏழெட்டு. வெள்ளி செவ்வாய் நான் சைவம் என்று சொல்லிப் பார்த்தேன். "வண்டு எப்பவோ பறந்து போயிருச்சு, இது அதோட சட்டைதானே" என்றார். பத்து நாளைக்குப் பத்துப் பொட்டலம். மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாக வற்ற வேண்டும். காய்ச்சல் வந்துவிட்டால் இதை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போகச் சொன்னார். அதையும் சொன்னார், பொய் சொல்லக்கூடாது.

புறப்படும்போதுதான் அந்த விபரீதத்தைச் சொன்னார். "சக்கையை வீட்டுக் குப்பையில போடாதே. நாலு பேரு நடக்குற ரோட்டுல கொட்டு. மிதிக்கிறவங்க காலோட நோய் போயிரும்" என்றார். மிதிக்கிறவன் கதி என்ன என்று கேட்டேன். நடந்துகொண்டே இருப்பவனை நோய் பிடிக்காது என்று கையை வீசிக் காட்டினார். சம்பந்தி, நாம் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காயை முச்சந்தியில் உடைத்துவிட்டு யாரும் மிதிக்கக்கூடாது என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிறவர்கள். அவர்கள் எல்லோரும் மிதிக்க வேண்டும் என்றே கொட்டுகிறவர்கள். ஒரே முச்சந்திக்கு இரண்டு சட்டம். எனக்கு அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் டாக்டர் சொன்னால் பாதி கேட்பேன், ரகசியமாய்ப் போன இடத்தில் சொன்னால் முழுவதும் கேட்கிற சுபாவம் எனக்கு.

வீட்டில் காய்ச்சினால் வாசனை தெருவுக்கே போகும். அதனால் கோயில் மடப்பள்ளியில், நிலவேம்பு அண்டாவுக்குப் பின்னால் சின்னச் சட்டி ஒன்றை வைத்து, கமிட்டி வேலை என்று சொல்லிக்கொண்டு தினமும் காய்ச்சினேன். ஆடிக் கடைசி வெள்ளி அன்று தாங்கள் குடும்பத்தோடு வந்திருந்தீர்களே, அன்று அண்டாவில் கஷாயம் குறைகிறதென்று தங்கமணி, பாவம், அவளுக்கு என்ன தெரியும், சின்னச் சட்டியையும் அதற்குள் கவிழ்த்துவிட்டாள். "இன்னைக்கு நிலவேம்பு இனிக்குதே!" என்று ஜனங்கள் இரண்டாம் தம்ளர் கேட்டார்கள். தாங்கள் மூன்றாவதும் கேட்டு, செயலாளர் கைப்பக்குவம் என்று என் முதுகில் தட்டினீர்கள். சம்பந்தி அம்மாள் மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளருக்குள்ளேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரை நோய்க்காரர், இனிப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். தம்ளர் தம்ளராக அந்தச் சில்வண்டுச் சட்டை தொண்டைக்குள் இறங்குவதைக் கரண்டியோடு நின்று பார்த்த எனக்கு அன்று சாமி கும்பிடக் கை எழவில்லை.

புதன்கிழமை விடியற்காலை பத்தாவது பொட்டலத்தின் சக்கையைத் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் கொட்டிவிட்டு வந்து குளித்தேன். பிறகு இரண்டு மணி நேரம் ஊற்றிய மழை தாங்கள் அறிந்ததே. எங்கள் தெருவில் தெருமுனைத் தண்ணீர் முழுவதும் என் வீட்டு வாசலுக்கு வந்துதான் வடியும், கூடவே செருப்பு, பாட்டில், ஒரு தடவை ஒரு வாத்தும் வந்திருக்கிறது. பதினொரு மணிக்குத் தங்கள் வேன் வந்தது. சம்பந்தி அம்மாள் எல்லோருக்கும் முன்னால் இறங்கித் தனியாக வந்துவிட்டார். தங்கமணி பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் தாங்கள் தேங்காய்த் தட்டோடு வந்தீர்கள். செருப்பைக் கழற்றினீர்கள். வலது காலை எடுத்து வைத்தீர்கள்.

அதற்கு மேல் எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தேங்காய் சாக்கடைக்குப் போயிற்று, தாங்கள் உட்கார்ந்தபடி காலடியில் கிடந்ததைப் பார்த்தீர்கள். இரத்தத்தில் தோய்த்தது போலச் சிவந்து சுருங்கிய பழம் ஆறு, கறுப்பாய்ப் பிசுபிசுப்பாய் ஒரு கட்டி, இரண்டு கால் வைத்த ஆள் உருவம் போல ஒரு வேர், அதில் ஒரு கால் முறிந்திருந்தது. "செய்வினை! என் மகன் காலை ஒடிச்சு வச்சிருக்காங்கய்யா!" என்று தாங்கள் போட்ட சத்தத்தில் மூன்றாம் மாடி ஜன்னல்கள் திறந்தன. சம்பந்தி அம்மாள் சத்தம் போடவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து, "வீட்டுக்குப் போயிருவோம்" என்று அந்த ஒன்றை மட்டும் சொன்னார். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "செயலாளர் இருக்காரு, அவரு கண்டுபுடிப்பாரு!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். திறந்த வாய் "கண்டுபிடிப்பேன்!" என்று சொல்லிவிட்டது. சாயங்காலம் விசாரணைக் கமிட்டி போட்டார்கள். தலைவர் நான்.

என்னை விசாரிக்க என்னையே போட்டதில் ஒரு வசதி இருந்தது என்று அன்று ராத்திரி வரை நினைத்தேன். ஆனால் ஜனங்களுக்கு ஆள் வேண்டும் அல்லவா, மஞ்சுளா அம்மாளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் போன வருஷம் தன் பிள்ளைக்கு விஜயகுமாரியைக் கேட்டு நாங்கள் மறுத்தோம், அந்த வயிற்றெரிச்சலில் வைத்துவிட்டார் என்று பேச்சு. நேற்று அந்த அம்மாள் கோயிலில் எல்லோர் முன்னாலும் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "நான் வைக்கல, நான் வச்சிருந்தா என் கை அழுகட்டும்" என்று சத்தியம் செய்தார். கை கொப்பளித்துவிட்டது. விசாரணைத் தலைவராகிய நான் முதல் வரிசையில் நின்று பார்த்தேன். சம்பந்தி, என் ஆயுசில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்து விஜயகுமாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள், சிரித்துவிட்டு அழுதாள். "அப்பா, ஊசி போட்டிருந்தா ரெண்டு நிமிசம்ப்பா" என்றாள். பிறகு, "போய் உள்ளதச் சொல்லுங்க. திட்டினா வாங்கிக்குங்க. அவரு வீட்டுல என்னை ராசி இல்லாதவள்னு நினைக்கிறாங்க, அது மட்டும் எனக்கு வேண்டாம்ப்பா" என்றாள். அதற்குப் பிறகு நான் என்ன மறைக்க? கடைக்குப் போய் அந்த ஊலேயையே சாட்சிக்கு அழைத்து வரலாம் என்று போனேன். கடை மூடியிருந்தது. அவருக்கே காய்ச்சலாம், இரண்டு நாளாய் டாக்டர் சொன்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு படுத்திருக்கிறாராம். என் கஷாயத்தின் யோக்கியதை இவ்வளவுதான்.

ஆகவே சம்பந்தி, குற்றம் என்னுடையது. நாளை காலை கோயிலில் எல்லோர் முன்னாலும் இதையே சொல்லி, மஞ்சுளா அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு, செயலாளர் பதவியையும் கரண்டியையும் ஒப்படைத்துவிடுவேன். கொள்கையான மனுசன் வீட்டுப் பெண் என்று கேட்டு வந்தீர்கள். அந்த மனுசன் அங்கே இல்லை. பெண் இருக்கிறாள். அவள் என்னைப் போல இல்லை, எதையும் நேராகச் செய்கிறவள். என் மேல் கோபம் தீரும்வரை என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம், கோயில் மண்டபத்தில் வைத்துத் தட்டை மாற்றிக்கொள்ளலாம், நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். அவளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கமும் தங்கமணியின் வணக்கமும். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், அந்த வேருக்கும் அவர் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லவும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கால் வழுக்கக் காரணமான
முருகையா

பின்குறிப்பு (ஞாயிறு சாயங்காலம், தனித் தாளில்): காலையில் சொன்னபடி கோயிலில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மஞ்சுளா அம்மாள் கட்டுப்போட்ட கையாலேயே என்னை ஆசீர்வதித்தார், திட்டியிருந்தால் தேவலை. அங்கிருந்து கடைக்குப் போனேன், திறந்திருந்தது. நடந்ததைச் சொன்னதும் ஊலே முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "செவப்புப் பழமா? உன் பொட்டலத்துல அது கிடையாதே. கால் வச்ச வேரும் கிடையாது. அது பொம்பளைங்களுக்குக் கட்டுற பொட்டலம். வண்டுச் சட்டை கிடந்துச்சா?" என்று கேட்டார். கிடக்கவில்லை, சம்பந்தி. முப்பத்தோரு வருஷம் சரக்கு எண்ணியவன், என் பெயரில் வராத சரக்குக்கு எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஷ்வேப்யிதாவிலிருந்து ஒரு தமிழ் அம்மாள் வருவாராம். வீட்டில் காய்ச்ச முடியாது, வீட்டுக்காரர் நிலவேம்புக் கட்சி என்று சொல்லிக் கடையிலேயே காய்ச்சச் சொல்லித் தூக்கில் வாங்கிப் போவாராம். மகனுக்குத் தாமுவேயில் நிச்சயதார்த்தம், அன்றைக்கு நான் தும்மக்கூடாது என்றாராம். புதன்கிழமை காலை கடையிலேயே குடித்துவிட்டு, சக்கையையும் பையில் வாங்கிக்கொண்டு, "எங்க தெருவுல கொட்டினா தெரிஞ்சுரும், வேற தெருவுல கொட்டலாமா?" என்று கேட்டுவிட்டு, அவசரத்தில் தூக்கை மறந்துவிட்டுப் போயிருக்கிறார். "இதுல என்னமோ எழுதியிருக்கு, உங்க எழுத்து மாதிரி இருக்கு, படி" என்று என் கையில் கொடுத்தார். எவர்சில்வர் தூக்கு. கழுத்தில் அழகாகப் பெயர் வெட்டியிருக்கிறது: பொ. சொர்ணம்மாள்.

இப்போதுதான் அப்துல் அஜீஸ் வந்து, தாங்கள் வியாழக்கிழமையிலிருந்து காய்ச்சலில் வேலைக்கு வரவில்லை என்றார். மிதித்தவர் கொண்டுபோவார் என்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று விஜயகுமாரி சொல்கிறாள். இருந்தாலும் யாருடையதை யார் மிதித்தது என்று பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, மன்னியுங்கள். டாக்டரிடம் போங்கள், ஊலேயே போனார்.

இந்தத் தாளைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். மற்றத் தாள்களைச் சம்பந்தி அம்மாள் காதில் விழும்படி உரக்கப் படியுங்கள். அவர்களிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். பிள்ளை நிச்சயத்தன்று தும்மக்கூடாது என்று பயந்தவர், நானும் அதற்குத்தானே பயந்தேன். தூக்கை, வீட்டுக்கு வந்து தங்கள் கையிலேயே தரச் சொல்லி, அப்துல் அஜீஸிடம் கொடுத்திருக்கிறேன், பேசாமல் அடுக்களையில் வைத்துவிடுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று தங்கமணி அதில் வெற்றிலை பாக்கும் கற்கண்டும் போட்டிருக்கிறாள். என்னிடம் பேசாவிட்டாலும் அதைச் செய்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் முகூர்த்த நாள்தான். தெருவில் யார் கேட்டாலும், அந்த அம்மாளே கேட்டாலும், என் பதில் ஒன்றுதான்: வாசலில் கிடந்த சரக்கு முழுவதும் என்னுடையது. இந்தத் தடவை எண்ணிப் பார்த்தே கையெழுத்துப் போடுகிறேன்.

முருகையா